வாசல் மாறியதா?

போத்தனூர் பாதைகள் பிரியும் ஊர். 1862ஆம் ஆண்டு, சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரைப் பேப்பூரை நோக்கி ஓடிய இருப்புப்பாதை, கோவை நகரைத் தொடாமல் போத்தனூரைத் தொட்டுக்கொண்டுதான் சென்றது. பதினோராண்டு கழித்து, 1873இலேதான், போத்தனூரிலிருந்து ஒரு கிளை பிரிந்து கோவைக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் போயிற்று. பாதை பிரியுமிடத்தில் வாழ்வோருக்கு ஒரு பழக்கம் உண்டு. வண்டி வந்து நின்றால், 'எங்கிருந்து வருகிறது?' என்று கேட்பதோடு நில்லார், 'எங்கே போகிறது?' என்றும் கேட்பர்.

அந்தப் போத்தனூரிலே, ஒரு மாலை வேளை, படிப்பகத்தில் தோழர்கள் சிலர் கூடியிருந்தோம். சுவரிலே பெரியார், அண்ணா, அம்பேத்கர். அவர்கட்குப் பக்கத்தில், வெள்ளாடையால் தலையை மூடிய வள்ளலார். இளந்தோழர் ஒருவர் அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்:

"ஐயா, சாமியார் அத்தனைபேரும் போலிகள் என்றால், இந்தச் சாமியார் படம் இங்கே ஏன்? இவர் மட்டும் உண்மையானவர் என்றால், உண்மைச் சாமியார் என்று ஒரு வகை உண்டென்று நாம் ஒப்புக்கொண்டதாக ஆகாதா? ஒப்புக்கொண்டால், இவர் உண்மை, அவர் போலி என்று எதைக்கொண்டு பிரிப்பது?"

சிரிப்பு எழுந்தது, பதில் எழவில்லை. நல்ல கேள்வி. கேலியாலே தட்டிக்கழிக்கக்கூடாத கேள்வி. அன்றிரவு வீடு திரும்பும்போதும் அந்தக் கேள்வி என் கூடவே நடந்து வந்தது. அதற்கு விடைதேட, நம் பக்கத்திலேயே கிடக்கும் பழைய ஏடுகள் இரண்டைப் புரட்டிப் பார்க்கத் தோன்றிற்று. பார்த்ததை இங்கே சொல்கிறேன்.

முதலில், பக்தர்கள் வழங்கும் அளவுகோல்கள் எவை? அற்புதம் ஒன்று. துறவு ஒன்று. புலமை ஒன்று. கூட்டம் ஒன்று.

அற்புதத்தை எடுத்துக்கொள்வோம். நம் கொங்கு நாட்டு அவிநாசியிலே, முதலை விழுங்கிய பாலகனைச் சுந்தரர் பதிகம் பாடி மீட்டார் என்று பெரியபுராணம் கூறுகிறது. ஒரு பாலகன் மீண்டதாகக் கதை. அன்று முதல் இன்று வரை குளத்திலே விழுந்த மற்றப் பாலகர்களை மீட்டவர் யார்? நீந்தத் தெரிந்தவர்! அற்புதம் ஒருவனுக்குக் கிட்டுவது. நீச்சல் எல்லோரும் கற்கக்கூடியது. ஆகவே அற்புதம் அளவுகோலாகாது.

துறவு? வீட்டைத் துறந்தவர் மடத்தைப் பற்றிக்கொள்கிறார். உற்றாரைத் துறந்தவர் சாதியைத் துறக்க மறந்துவிடுகிறார். புலமை? இனிக்கப் பாடியோர் எல்லாம் இனிய செயல் செய்தார்கள் என்பதற்கு உறுதியில்லை. கூட்டமோ தேருக்கும் கூடும், தெருச் சண்டைக்கும் கூடும்.

இந்த நான்கும் சாமியாரையே பார்க்கின்றன. அவர் என்ன செய்தார், எதை விட்டார், எப்படிப் பாடினார், எத்தனைபேர் வந்தனர் என்று அவரையே சுற்றிச் சுற்றி வருகின்றன. வாசலுக்கு வெளியே நின்ற மனிதனை இவற்றில் ஒன்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அவனைப் பார்க்கும் அளவுகோல் ஒன்று வேண்டும். நான் முன்வைப்பது இது: அந்த அருளாளர் வருவதற்கு முன் வெளியே நின்றவன், அவர் வந்து போனபின் எங்கே நிற்கிறான்?

இந்த அளவுகோலைக் கையிலேந்தி, ஏடுகளுக்குள் நுழைவோம்.

* * *

முதல் ஏடு, சேக்கிழாரின் பெரியபுராணம். 12ஆம் நூற்றாண்டில், இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில் எழுந்த காவியம். சாதி பல கலந்த அடியார் கூட்டத்தை அது பாடுகிறது என்பதை மறைக்கத் தேவையில்லை. குயவர் திருநீலகண்டர், வேடர் கண்ணப்பர், வலைஞர் அதிபத்தர், வண்ணார் திருக்குறிப்புத்தொண்டர், பாணர் திருநீலகண்ட யாழ்ப்பாணர் ஆகியோர் அந்த அறுபத்துமூவரிலே உளர். அந்த வரிசையிலே புலையர் குலத்துத் திருநாளைப்போவார் – மக்கள் நாவிலே நந்தனார் – இருக்கிறார்.

சேக்கிழாரின் நந்தனை மீண்டும் படித்துப் பாருங்கள். ஆதனூர்ச் சேரியைக் கவிஞர் பார்த்துப் பார்த்துப் பாடியிருக்கிறார். குடிசையும், கூரையில் படர்ந்த சுரைக்கொடியும், கோழிக்குஞ்சும், நாய்க்குட்டியும், உலரும் தோலும் அங்கே உண்டு. அரண்மனை வருணனையிலே மயங்கிய புலவர் கூட்டத்தில், சேரிக்குள் கண்ணோட்டிய கவிஞர் அவர். அந்தப் பெருமை அவருக்கு உரியது, வழங்குவோம்.

ஆனால், கதை எங்கே போகிறது? திருப்புன்கூரிலே நந்தன் வெளியே நின்று கும்பிடுகிறான். உள்ளே இருக்கும் நந்தி மறைக்கிறது. கடவுள் கருணை கூர்ந்தாராம். நந்தியை விலகச் சொன்னாராம். கல் விலகிற்று! நந்தன் கண்டான், களித்தான், வெளியே நின்றபடியே. நந்தியை விலகச் சொன்ன நாவால், 'நந்தா, உள்ளே வா' என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாமே! கல்லுக்குக் கட்டளை பிறந்தது; காவலுக்குப் பிறக்கவில்லை.

பிறகு தில்லை. எல்லையிலேயே நின்றுவிடுகிறான். ஊரைச் சுற்றிச் சுற்றி வருகிறான். உள்ளே போக ஒண்ணாதே, பிறப்புத் தடுக்கிறதே என்று துயில்கிறான். கனவிலே கடவுள் வருகிறார். நெருப்பிலே மூழ்கி வா என்கிறார். தில்லைவாழ் அந்தணரிடமும் சென்று, தீ அமைக்கச் சொல்கிறார். தெற்கு வாசலுக்குப் புறத்தே தீ மூட்டப்படுகிறது. நந்தன் இறங்குகிறான். எழுந்தவன் நந்தனல்லன், பூணூலும் சடையும் பூண்ட முனிவன்! அந்தப் பூணூலோடு உள்ளே சென்றவன், கூத்தன் திருவடியிலே மறைந்தான், வெளியே வரவேயில்லை.

அருள் நூல் என்று போற்றுவோர் கோபிக்காமல் எண்ணிப் பார்க்கட்டும். உள்ளே சென்றது யார்? புலையன் நந்தன் உள்ளே செல்லவில்லை. அவன் தீயிலேயே நின்றுவிட்டான். முனிவர் ஒருவர்தாம் உள்ளே சென்றார். முனிவருக்கு அந்த வாசல் முன்பே திறந்துதானே இருந்தது? மறுநாள் ஆதனூர்ச் சேரியிலிருந்து நந்தனின் தம்பி ஒருவன் வந்திருந்தால், அவனுக்கு என்ன விடை கிடைத்திருக்கும்? அவன் நிற்க வேண்டிய இடம் எது? அதே எல்லை; அதே வெளிப்புறம். சேக்கிழார் சோழப் பேரரசின் அமைச்சர். கோயிலும் அரசும் கைகோத்து நின்ற காலம். அவருடைய இதயம் சேரிக்குள் நுழைந்தது. அவருடைய காவியத்தால் சேரியைக் கோயிலுக்குள் நுழைக்க முடியவில்லை.

19ஆம் நூற்றாண்டிலே கோபாலகிருஷ்ண பாரதியார் இக்கதையை எடுத்தார். நந்தனார் சரித்திரக் கீர்த்தனையாக்கினார். சேக்கிழாரிடம் இல்லாத வேதியர் ஒருவரை, பண்ணையாராக, உள்ளே கொண்டுவந்தார். தில்லைக்குப் போக விடை கேட்டால், நாற்பது வேலி நிலத்தையும் விளைவித்துவிட்டுப் போ என்கிறார் அந்தப் பண்ணையார். பூதகணங்கள் வந்து ஓர் இரவிலே வேலையை முடிக்கின்றன! பாரதியார் செய்த நன்மை, பக்திக் கதைக்குள் பண்ணை அடிமையை நிறுத்திக் காட்டியது. செய்த தீங்கு, கூலியின் கேள்வி எழும் நேரத்தில் பூதத்தைக் கூப்பிட்டது. முடிவிலே வேதியர் நந்தன் காலில் விழுகிறார். விழுந்தது ஒரு தலை. திறந்த வாசல் ஒன்றுமில்லை.

இதே கதை 1935இலே திரைக்கு வந்தது. நம் கொடுமுடி தந்த இசையரசி கே. பி. சுந்தராம்பாள் நந்தனாராக, ஆண்வேடத்திலே தோன்றினார். வேதியராக மகாராஜபுரம் விசுவநாத ஐயர். 1942இலே ஜெமினி மீண்டும் எடுத்தது. தண்டபாணி தேசிகர் நந்தனாரானார். கொட்டகையிலே கண்ணீர் வடிந்தது. ஒன்று கவனித்தீர்களா, தோழர்களே? கொட்டகை வாசலிலே கேட்டது நுழைவுச்சீட்டு. கோயில் வாசலிலே கேட்டது பிறப்பு! நந்தனுக்காக அழுதுவிட்டு வெளியே வந்தவருள் எத்தனையோ பேர், தம் ஊர்க் கோயில் வாசலிலே அன்றும் நந்தன்களாகவே நின்றனர்.

* * *

தில்லையை விட்டு நம் ஊர்ப்பக்கம் வருவோம். நொய்யலாற்றங்கரையிலே பேரூர். 'மேலைச் சிதம்பரம்' என்று அதற்கு ஒரு பெயர் உண்டு. அங்கும் ஆடவல்லான், அங்கும் கனகசபை. நொய்யலுக்குக் காஞ்சி நதி என்று பழம்பெயர். சுந்தரர் தம் தில்லைப் பதிகத்திலே இந்தப் பேரூர்ப் பெருமானை நினைக்கிறார். ஆனால் அந்தப் பதிகத்திலே இல்லாத கதை ஒன்று, பல நூற்றாண்டு கழித்து, 18ஆம் நூற்றாண்டுப் புலவர் கச்சியப்ப முனிவரின் பேரூர்ப் புராணத்திலே மலர்ந்து கிடக்கிறது. அதுதான் நம் இரண்டாம் ஏடு.

சுந்தரர் பேரூருக்கு வருகிறார். வந்தால் பொன் கேட்பார், அது அவர் வழக்கம். கடவுள் விளையாட எண்ணினார். பள்ளனாக வேடம் பூண்டார், உமை பள்ளத்தியானார், இருவரும் வயலில் இறங்கி நாற்று நடத் தொடங்கினர். நந்தியிடம், 'சொல்லாதே' என்று சொல்லி வைத்திருந்தார். சுந்தரர் வந்தார், கருவறையிலே ஆளில்லை, நந்தியைக் கேட்டார். நந்தி காட்டிக்கொடுத்துவிட்டது. சுந்தரர் வயலுக்கே சென்று, சேற்றிலே நின்ற கடவுளைக் கண்டு வணங்கினார். சொன்ன சொல் மீறிய நந்தியைக் கடவுள் மண்வெட்டியால் அடித்தார் என்றும், பேரூர் நந்தியின் முகம் அதனாலேதான் அப்படி இருக்கிறதென்றும் ஊர் வழக்கு. ஆனி மாதத்து நாற்று நடவு விழா இந்தக் கதையைக் கொண்டாட எழுந்ததே.

எவ்வளவு அழகான கற்பனை! மறுப்பதற்கில்லை. தில்லைக் கதையிலே மனிதன் மேலே ஏற வேண்டியிருந்தது. பேரூர்க் கதையிலே கடவுள் கீழே இறங்குகிறார். அங்கே நெருப்பு; இங்கே சேறு. சேற்றிலே கால் வைப்போர் இழிந்தோர் என்ற நாட்டிலே, கடவுளையே சேற்றில் நிறுத்திய துணிவு பாராட்டுக்குரியது. உழைப்புக்கு ஒரு புராணம் கிடைத்தது. அந்தக் குலத்து மக்கள், இன்று தம்மைத் தேவேந்திரகுல வேளாளர் என்று பெருமையுடன் அழைத்துக்கொள்வோர், அதைத் தம் உரிமையின் சான்றாகக் காட்டுவதிலே வியப்பில்லை.

ஆனாலும், நம் அளவுகோல் அதே கேள்வியைத்தான் கேட்கிறது. கடவுள் பள்ளனாக எவ்வளவு நேரம் இருந்தார்? சுந்தரர் கண்டுபிடிக்கும் வரை! கண்டுபிடித்ததும் வேடம் கலைந்தது, கோயிலுக்குத் திரும்பினார். கூட நாற்று நட்டுக்கொண்டிருந்த உண்மைப் பள்ளர் எங்கே திரும்பினர்? அதைப் புராணம் சொல்லவில்லை. வேடத்தைக் கலைக்க முடிந்தவனுக்கு அது விளையாட்டு. கலைக்க முடியாதவனுக்கு அது வாழ்க்கை. வயலில் இறங்கிய கடவுளைக் கொண்டாடிய நாட்டிலே, வயலில் இறங்கிய மனிதன் பெருங்கோயிலின் படியேற, 1947ஆம் ஆண்டுச் சென்னை மாகாண ஆலயப் பிரவேசச் சட்டம் தேவைப்பட்டது.

இரண்டு ஏடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தில்லையிலே மனிதன் மாறினான். பேரூரிலே கடவுள் மாறினார். திருப்புன்கூரிலே ஒரு நந்தி விலகிற்று. பேரூரிலே ஒரு நந்தி அடிபட்டது. மனிதனும் மாற, மாடும் விலக, மகேசனும் இறங்க, மாறாமல் நின்றது எது? வாசல்!

பக்தி இலக்கியத்தின் பெருமையும் வறுமையும் இதுவே. தாழ்த்தப்பட்டவனுக்காக அது அழுதது, அவனைப் பாடியது, அவனுக்கு வீடுபேற்றையும் கொடுத்தது. வீட்டு வாசலைத்தான் கொடுக்கவில்லை. விண்ணுலகை வழங்குவதிலே வள்ளலாக இருந்தவர்கள், மண்ணுலகில் நான்கு அடிப் படியை வழங்குவதிலே கருமிகளானார்கள்.

* * *

அப்படியானால் வாசலை மாற்றிய அருளாளரே இலரோ? உளர். நம் போத்தனூரிலிருந்து மேற்கே போகும் பாதை பாலக்காட்டுக் கணவாயைக் கடந்து மலையாளம் செல்கிறது. அந்தப் பாதையிலேயே எண்ணத்தைச் செலுத்துங்கள்.

1888ஆம் ஆண்டு. திருவனந்தபுரத்துக்குத் தெற்கே, நெய்யாற்றங்கரையிலே அருவிப்புறம். ஈழவர் குலத்திலே பிறந்த நாராயண குரு, ஆற்றிலிருந்து கல்லை எடுத்துச் சிவலிங்கமென்று நாட்டினார். கோயிலுக்குள் விடமாட்டோம் என்ற காலத்திலே, 'எங்களை விடுங்கள்' என்று அவர் கெஞ்சவில்லை, நெருப்பில் குளிக்கவில்லை, பூணூல் முளைக்கும்வரை காத்திருக்கவில்லை. அந்தக் கோயிலின் வாசலிலே சாதி நிற்கவில்லை. 1927இலே களவங்கோட்டிலே அவர் கடவுள் உருவத்துக்குப் பதில் கண்ணாடியை நாட்டினார். வணங்க வந்தவன், அங்கே கண்டது தன் முகத்தை.

அவருக்கும் முன்பே, தென்கோடியிலே, சாமித்தோப்பிலே, வைகுண்டர். 1809இலே பிறந்து 1851இலே மறைந்தவர். மேலாடைக்கும் தலைப்பாகைக்கும் தடை இருந்த திருவிதாங்கூரிலே, தலைப்பாகை கட்டிக்கொண்டு வழிபடுங்கள் என்றார். எல்லாக் குலத்தாரும் நீரெடுக்கக் கிணறு வெட்டினார். சேர்ந்துண்ணும் பந்தி நடத்தினார். அவர் வழிபாட்டிடத்திலும் கண்ணாடி உண்டு. சுவாதித் திருநாள் மன்னர் அவரைச் சிறையிலிட்டார். எண்ணிப் பாருங்கள்: அற்புதம் செய்த அடியாருக்கு அரசர்கள் ஆனை அனுப்பி அழைத்ததாகக் கதைகள் உண்டு. கிணற்றை எல்லோருக்கும் பொதுவாக்கியவருக்கோ, அரசர் அனுப்பியது காவலாளை!

இனி, படிப்பகத்துச் சுவரிலே இருக்கும் வள்ளலார். 1823இலே பிறந்தார். சென்னைக் கந்தகோட்டத்திலே முருகனைப் பாடத் தொடங்கினார். வடலூரிலே 1867ஆம் ஆண்டு மே 23இலே சத்திய தருமச்சாலையை நிறுவினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. தில்லையிலே நந்தனுக்காக மூட்டிய தீயையும், வடலூரிலே பசித்தவனுக்காக மூட்டிய தீயையும் ஒப்பிட்டுப் பார்ப்போர்க்கு வேறு விளக்கம் வேண்டுமா? அந்தத் தீ மனிதனையே எரித்து மாற்றிற்று. இந்தத் தீ அவன் பசியை எரித்து அவனை அவனாகவே விட்டது.

அவருடைய திருவருட்பாவும் ஒரு பயணத்தின் பதிவு. முதல் நான்கு திருமுறைகள் 1867இலே வந்தன, ஐந்தாவது 1880இலே, ஆறாவது அவர் 1874இலே மறைந்த பிறகு, 1885இலே. உருவ வழிபாட்டிலே தொடங்கியவர், சாதியும் சமயமும் சாத்திரச் சடங்கும் வேண்டாமென்ற இடத்துக்கு ஆறாம் திருமுறையிலே வந்து சேர்கிறார். ஆறுமுக நாவலர் 1869இலே, இவை அருட்பாவல்ல, மருட்பா என்று மறுப்பெழுதினார். நாவலர் நற்றமிழ்ப் பதிப்பாசிரியர். அச்சிலே தமிழ் ஏறப் பாடுபட்டவர். ஆனாலும் வாசல் காக்கும் வேலையிலே புலமை எவ்வளவு முனைப்புடன் ஈடுபடும் என்பதற்கு அந்த மறுப்பே எடுத்துக்காட்டு.

வள்ளலாரையும் அதே கோலால் அளப்போம், விலக்குத் தரக்கூடாது. 1872இலே அவர் திறந்த சத்திய ஞானசபையிலே, கொலையும் புலாலும் தவிர்த்தோரே உள்ளே புகலாம் என்று ஒரு விதி உண்டு. உயிரிரக்கத்தினின்று பிறந்த விதி என்பர், ஆம். ஆனால் எந்த மக்களின் உணவு இழிவென்று தூற்றப்பட்டதோ, அந்த மக்களையே அது வெளியே நிறுத்தும். சாலையின் வாசலிலே பசி மட்டும் கேட்கப்பட்டது. சபையின் வாசலிலே உணவு கேட்கப்பட்டது. வள்ளலாரின் பெருமை சாலையிலே முழுமை பெற்றது. சபையிலே ஒரு படி குறைந்தது. இப்படிச் சொல்வது அவரைச் சிறுமைப்படுத்துவதாகாது. சொல்லாமல் விட்டால்தான், அவரையும் ஒரு சிலையாக்கிவிடுவோம்.

சிலையாக்கும் வேலை நடக்காமலும் இல்லை. ஒளியை மட்டுமே வழிபடச் சொன்ன அந்த ஞானசபைக்குள்ளேயே, பிற்காலத்திலே லிங்க வழிபாடு புகுந்தது. வழக்கு எழுந்து, 2006இலே அறநிலையத் துறை ஆணையிட்டுத்தான் அதை விலக்க வேண்டியிருந்தது. அருளாளர் வாசலைத் திறக்கிறார். அவர் மறைந்ததும், அவர் பெயராலேயே தாழ்ப்பாள் வந்து சேர்கிறது. காவல் காக்கும் வேலை அவர் போனபின்னும் இருக்கிறது. அந்த வேலை நமக்கும் உரியது.

* * *

போத்தனூருக்கே திரும்புவோம். 1934ஆம் ஆண்டு பிப்ரவரியிலே, தீண்டாமை ஒழிப்புப் பயணத்தின்போது, காந்தியார் இவ்வூரிலே தங்கினார். அந்த இடம் இன்று நினைவகம். 'மகாத்மா' என்று நாடே அழைத்த அவரை நம் கோலால் அளந்தால் என்ன கிடைக்கிறது?

அந்தப் பயணத்திலேயே, ஜனவரி 24இலே, திருநெல்வேலியில் பேசியபோது, பீகாரிலே சில நாள் முன்பு நேர்ந்த நிலநடுக்கம் தீண்டாமைப் பாவத்துக்குக் கடவுள் தந்த தண்டனை என்றார் காந்தியார். இரவீந்திரநாத் தாகூர் அதை மறுத்தார். இயற்கையின் நிகழ்ச்சிக்கு ஒழுக்கக் காரணம் கற்பிப்பது பகுத்தறிவின்மையை வளர்க்கும் என்றார். தாகூர் பக்கமே நாம் நிற்போம். கூரை இடிந்து செத்தவருள் தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்டோரும் இருந்திருப்பரே! அவர்கள் செய்த பாவம் என்ன?

ஆனால் அதே காந்தியார், தாழ்த்தப்பட்டோருக்குத் திறக்காத கோயிலுக்குள் தாமும் நுழைவதில்லை என்று உறுதி பூண்டிருந்தார். நிலநடுக்கப் பேச்சிலே அவர் பழைய சாமியார். இந்த உறுதியிலே அவர் வாசலைக் கேள்வி கேட்ட மனிதர். ஒருவரையே இரண்டாகப் பிரித்து, ஏற்பதை ஏற்று, தள்ளுவதைத் தள்ளக் கற்றுத்தருகிறது இந்த அளவுகோல். அவருக்குப் பத்தாண்டு முன்பே, 1924இலே, வைக்கத்தில் கோயிலைச் சூழ்ந்த தெருவில் நடக்கும் உரிமைக்காக, நம் ஈரோட்டுப் பெரியார் சிறை சென்றார். அவர் கடவுளை நம்பியவரல்லர். கும்பிடப் போகிறவனின் காலுக்காகப் போராடினார்.

நம் காலத்திலே, இதே பேரூரிலே, சாந்தலிங்கர் மடத்தின் தலைவராக விளங்கி 2018இலே மறைந்த இராமசாமி அடிகளாரை எண்ணுங்கள். 1953இலே தொடங்கிய தமிழ்க் கல்லூரியை அவர் மடம் வளர்த்தது. தமிழிலே வழிபாடு, தமிழிலே குடமுழுக்கு என்று அவர் முழங்கினார், நடத்தியும் காட்டினார். தில்லையிலே, சிற்றம்பல மேடையில் தேவாரம் பாட முயன்று அடிபட்ட முதியவர் ஆறுமுகசாமி, அரசாணையின் துணையோடு 2008ஆம் ஆண்டு மார்ச்சிலே அங்கே நின்று பாடினார். அனைத்துச் சாதியினரும் அருச்சகராகலாம் என்று 1970இலே கலைஞர் ஆட்சி தொடங்கிய சட்டப்பயணம், வழக்கு மன்றப் படிகள் பல ஏறி இறங்கி, 2021ஆம் ஆண்டு ஆகஸ்டு 14இலே பயிற்சி பெற்ற 24 அருச்சகர்கள் அமர்த்தப்பட்டதிலே ஒரு படியேறியது. இந்தப் பணிகளிலே திருநீறு பூசியவரும் இருந்தனர். கருஞ்சட்டை அணிந்தவரும் இருந்தனர்.

"கடவுளே இல்லை என்கிற நமக்குக் கோயில் வாசல் திறந்தாலென்ன, மூடினாலென்ன?" என்று சில தோழர்கள் கேட்கலாம். கோயில் வாசல் என்பது கோயிலோடு முடிவதில்லை. அங்கே நிறுத்தப்பட்டவன்தான் குளத்தங்கரையிலும் நிறுத்தப்பட்டான், தெருமுனையிலும் நிறுத்தப்பட்டான், தேநீர்க்கடையிலே தனிக்குவளை தரப்பட்டான். உள்ளே போவதும் போகாதிருப்பதும் அவனவன் அறிவுக்கு உரியது. போகாதே என்று தடுக்கும் உரிமை யாருக்கும் இல்லை. நுழைய உரிமையுள்ளவன் நுழைய மறுத்தால் அது பகுத்தறிவு; உரிமையற்றவன் வெளியே நின்றால் அது அடிமைத்தனம்.

இப்போது, அந்த இளந்தோழருக்கு விடை சொல்கிறேன். தம்பி, வள்ளலார் படம் அங்கே இருக்கட்டும். அற்புதத்துக்காக இல்லை, அணையாத அடுப்புக்காக. எந்தச் சாமியாரைப் பற்றிக் கேள்விப்பட்டாலும், அவர் எங்கிருந்து வருகிறார், எந்தக் குரு, எந்த மடம் என்று கேட்பதோடு நின்றுவிடாதே. நீ போத்தனூர்க்காரன். வண்டி எங்கே போகிறதென்று கேள். அவர் கூட்டத்திலே கடைசி வரிசையில் நிற்பவன் முன்வரிசைக்கு வந்தானா? அவர் மடத்துப் பந்தியிலே யாருக்குத் தனி இலை? அவர் அருளால் எவனுக்கு எந்த வாசல் திறந்தது? விடை வந்தால், அவர் நம்பிக்கை நமதல்லவாயினும், கைகுலுக்கு. வராவிட்டால், அவர் தலையைச் சுற்றி எத்தனை ஒளிவட்டம் வரைந்திருந்தாலும், கடந்து போ.

இன்னும் ஒன்று. இந்த அளவுகோலைச் சாமியாருக்கு மட்டும் வைத்துவிட்டு, நாம் தப்பித்துக்கொள்ளக் கூடாது. மேடையிலே நந்தனுக்காக முழங்கும் நம் வீட்டிலே, சேரித் தோழன் வந்தால் எங்கே அமர்கிறான்? திண்ணையிலா, கூடத்திலா? நம் வீட்டுத் திருமணப் பேச்சு தொடங்கும்போது, முதலில் கேட்கப்படுவது என்ன? நந்தன் தீயிலே மூழ்கவேண்டும் என்ற நிபந்தனையை நாம் வேறு சொற்களிலே இன்னும் வைத்துக்கொண்டிருக்கவில்லையா? வைகுண்டரும் நாராயண குருவும் கண்ணாடியை நாட்டியது பக்தருக்காக மட்டும் என்று எண்ணிவிடாதீர்கள். பகுத்தறிவாளனும் அதன்முன் ஒருமுறை நின்று பார்க்கவேண்டும்.

அன்று படிப்பகத்தைப் பூட்டிக்கொண்டு புறப்படும்போது, அந்த இளந்தோழர் வாசற்படியிலே நின்று, பூட்டையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தார். "நம் படிப்பகத்துக்குச் சேரியிலிருந்து எத்தனைபேர் வருகிறார்கள், ஐயா?" என்றார்.

அடுத்த ஞாயிறு கூட்டத்தைச் சேரியிலேயே நடத்துவதென்று, அந்தப் படியிலே நின்றபடியே முடிவு செய்தோம்.